நாலாம் வரிசைக்கு ஒரு பாட்டில்

எங்கள் வாலிபால் அரங்கத்தில் லெமன் சோடா விலையை ஏற்றப் போய் எனக்கு ஒரு நண்பன் இல்லாமல் போனான். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். என் மனைவியே சிரித்தாள். "சோடாவுக்காகவா சண்டை போட்டுக்கிட்டீங்க?" என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. சண்டை போட்டவர்கள் என்றைக்காவது சமாதானமாகிவிடுவார்கள். நாங்கள் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசிக்கொள்ளவில்லை.

அரங்கம் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வெளியே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தகரக் கூரை, நாலு பக்கமும் கேலரி, நடுவில் ஒரே ஒரு கோர்ட். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் உள்ளே காற்று என்று ஒன்று வராது. மத்தியான மேட்ச் என்றால் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். யார் இதைக் கட்டினார்களோ அவர்கள் ஒரு நாளாவது கிழக்கு கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் டீமுக்கு அதுதான் சொந்த அரங்கம், எங்களுக்கும் அதுதான். நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வீடு செங்கல்பட்டில். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருந்தால் கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும் தலையைக் காட்டிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

கிழக்கு கேலரியில் நாலாவது வரிசை எங்களுடையது. எழுதிக் கொடுத்ததில்லை, ஆனால் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அணு ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற, எல்லோரையும் 'ப்ரோ' என்று கூப்பிடுகிற ஒரு பையன், உள்ளூர்க்காரர்கள் சிலர், நான், அப்புறம் அவன். அவன் பெயிண்டர். பழைய மகாபலிபுரம் சாலையில் வானத்துக்கு எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளில் பாதிக்கு வெளிப்பூச்சு தன்னுடையதுதான் என்று அடித்து விடுவான். இரண்டு விரலை வாயில் வைத்து அவன் விசில் அடித்தால் எதிர் டீம் சர்வீஸ் வலையில் போய் மோதும். எங்கள் வரிசைக்கு உயிரே அந்த விசில்தான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நம்ம டீம் ஒரு செட் ஜெயித்தால் ஒரு பெரிய பாட்டில் லெமன் சோடா வரும். யாரிடம் காசு இருக்கிறதோ அவர் வாங்குவார், யாரும் கணக்குப் பார்த்ததில்லை. பாட்டில் வரிசையின் ஒரு முனையில் கிளம்பி மறுமுனை வரைக்கும் போகும். எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும், அதுவும் வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். யாராவது அண்ணாந்து, தூக்கிக் குடித்தால் அடுத்த செட் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. எப்போது, எப்படி ஆரம்பித்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. படித்தவர், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. அணுவைப் பிளக்கிற ஆபீசில் இருக்கிற மனிதரே பயபக்தியோடு வாய் வைத்துக் குடிப்பார்.

அவன் முதல் முதலாக எங்கள் வரிசைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஓரத்தில் தள்ளி உட்கார்ந்திருந்தான். பாட்டில் அவன் கைக்குப் போனதும் தலையைச் சாய்த்து, உயரத் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக்கொண்டான். அடுத்த செட் போய்விட்டது. வரிசையே அவன் மேல் பாய்ந்தது.

"உன்னாலதான் போச்சு! வாய் வச்சுக் குடிய்யா!"

"வாய் வெக்கவா?" என்றான். என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

"வெய்யின்னா வெய்யி!" என்று மிச்சம் இருந்த பாட்டிலை நீட்டி நான் கத்தினேன்.

வைத்தான். அந்த மேட்ச்சை ஜெயித்தோம். அதற்கப்புறம் அவன் கை ராசியான கை என்று பாட்டில் அவனிடமிருந்துதான் கிளம்ப வேண்டும் என்றாகிவிட்டது. அவன் ஒரு வாய் குடித்துவிட்டு எனக்குத் தருவான், நான் திருநெல்வேலிக்காரருக்குத் தருவேன்.

அவன் காலனியில் பிறந்தவன். அவன் அப்பா, அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். நான் கருங்குழிப் பக்கம் ஊர்த்தெருவில் பிறந்தவன். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் பேசியதில்லை. ஒரே ஒரு முறை அவனே பேசினான். மேட்ச் முடிந்து திரும்புகிற வழியில், திருக்கழுக்குன்றத்தில் ஒரு டீக்கடை வாசலில்.

"எங்க ஊரு டீக்கடையில எங்க நைனாவுக்குத் தனியா அலுமினிய டம்ளரு மச்சான். வெளிய ஆணியில தொங்கிகினு இருக்கும். அவுரே எடுக்கணும், குட்ச்சிட்டு அவுரே கழுவி மாட்டணும். அப்பால பேப்பர் கப்பு வந்துச்சி. கடைக்காரனுக்கு வசதியாப் பூட்ச்சி. எங்களுக்குப் பேப்பர் கப்பு, ஊர்க்காரங்களுக்குக் கண்ணாடி கிளாஸு. யாராச்சும் கேட்டா, 'அது சுத்தம்பா, சுகாதாரம்'னுவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்ம பாட்டிலு மாரி வராது மச்சான்" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அன்று வீடு வரைக்கும் எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஒரு சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு நாங்கள் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

முதலில், அரங்கத்தை நடத்துகிற கிளப்பில், வெளியிலிருந்து பாட்டில் கொண்டு வரக் கூடாது என்றார்கள். சரி என்று உள்ளே வாங்கினோம். அடுத்த சீசனில் உள்ளே விலை ஏறியது. முணுமுணுத்துக்கொண்டே வாங்கினோம். அப்புறம் எவனோ ஒரு புண்ணியவான் நடுவர் மேல் கோபப்பட்டுக் காலி பாட்டிலைக் கோர்ட்டுக்குள் வீசினான். இதுதான் சாக்கு என்று பாட்டிலையே ஒழித்துவிட்டு, கப்பில் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கப்பின் விலையைக் கேட்டால் தாகம் தானாக அடங்கிவிடும். அதுவும் விலைப் பலகை கிடையாது, டிவி. மேட்ச் ஐந்தாவது செட்டுக்குப் போனால் டிவியில் விலையும் ஏறும்.

"அதெப்படிப்பா ஏறும்?" என்று நாவலூர்ப் பையனைக் கேட்டேன்.

"டிமாண்ட் ஏறுனா ரேட் ஏறும் ப்ரோ. ஏர்லைன்ஸ்ல எல்லாம் அப்படித்தான்."

"நாம இன்னா ஏரோப்ளான்லயா வந்துகீறோம்? தகரக் கொட்டாயில குந்திகினு கீறோம்" என்றான் பெயிண்டர். வரிசை முழுக்கச் சிரித்தது. அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் மேட்ச்சைவிட விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் அதுவே. டிக்கெட் விலையை ஏற்றாமல் இருப்பதற்கு நன்றி சொல்லுங்கள் என்றார் ஒருவர். பிளேயர் சம்பளத்துக்கு எங்கே போவார்கள் என்றார் இன்னொருவர். கிளப்புக்குள் அவருக்கு ஆள் இருக்கிறது என்று மூன்றாமவர். நானும் சும்மா இருக்கவில்லை, பத்தி பத்தியாக எழுதினேன். கடைசியில் யாரும் எதையும் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை நாலாவது வரிசை மட்டும் உதட்டை நக்கிக்கொண்டு வீராப்பாக உட்கார்ந்திருந்தது. மூன்றாவது செட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வந்தபோது அவர் வாயில் எலுமிச்சை வாசனை. அப்புறம் ஒவ்வொருவருக்கும் பாத்ரூம் வந்தது. கடைசி வரைக்கும் எழுந்திருக்காதவன் அவன் ஒருவன்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிளப்பில் புதிதாக ஒரு திட்டம் போட்டார்கள். டீம் முத்திரை போட்ட பிளாஸ்டிக் டம்ளர். ஒரு தடவை வாங்கிவிட்டால் சீசன் முழுக்கப் பாதி விலையில் ஊற்றித் தருவார்கள். டம்ளரில் பெயர் எழுதித் தருவார்கள். அடுத்த மேட்ச்சுக்கு முன்னால் அரங்கத்துக்கு வெளியே, புங்க மரத்தடியில் வண்டிகளை நிறுத்திவிட்டு எங்கள் வரிசை இதைப் பற்றி வாதம் பண்ணியது.

"சொல்லுதேன், கேளுங்க" என்றார் திருநெல்வேலிக்காரர். "டம்ளர் வெலை அதிகம்தான். ஆனா சீசன் முழுசும் பாத்தா நமக்குத்தான் லாபம். அவன் வெலைய நாம ஒடச்ச மாதிரில்லா ஆவுது? எல்லாரும் ஆளுக்கொண்ணு வாங்கிருவோம்."

எனக்கு அது சரியென்று பட்டது. நாங்கள் எல்லோரும் விலைக்கு எதிராகப் பேசிப் பேசிக் களைத்திருந்தோம். ஜெயித்த மாதிரி ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

அவன் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அடுக்குமாடி வேலைகள் எல்லாம் பாதியில் நிற்கிற நேரம். அவனுக்கு வாரத்தில் பாதி நாள்கூட வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஆளுக்கொண்ணு இன்னாத்துக்கு அண்ணாத்த?" என்றான். "ஒரே ஒரு டம்ளரு வாங்குவோம். டப்பு எல்லாரும் போடுவோம். பாட்டிலு மாரியே சுத்தி வுடலாம். நம்ம வழக்கமும் இருக்கும்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாவலூர்ப் பையன் முந்திக்கொண்டான்.

"ஒரே டம்ளர்ல எல்லாரும் எப்படி ப்ரோ? கொரோனாவுக்கு அப்புறம் அதெல்லாம் சேஃப் இல்ல. ஹைஜீன் பாக்கணும்ல."

அந்தப் பையன் மனதில் கள்ளம் கிடையாது. இதை நான் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். போன வருஷம்வரை அதே பையன் அதே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தவன்தான். ஆனால் அவன் சொன்னதும் எல்லோரும் 'அதானே' என்கிற மாதிரி தலையாட்டினார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர், "ஆமாப்பா, இப்ப யாரு எச்சில் குடிக்கிறா" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அதுவும் கரீட்டுதான்" என்றான் பெயிண்டர். "நீங்க வாங்குங்க. எனக்கு சோடா குட்ச்சா சளி புட்ச்சிக்கும்."

இத்தனை வருஷத்தில் அவனுக்குச் சளி பிடித்து நான் பார்த்ததில்லை.

கவுண்டரில் வரிசையாக நின்று டம்ளர் வாங்கினோம். பெயர் எழுதித் தரும்போது எல்லோருக்கும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சந்தோஷம். உள்ளே போய் உட்கார்ந்தோம். முதல் செட் நம்ம டீம் ஜெயித்தது. அவன் விசில் அடித்தான். வழக்கமான நேரம், சோடா வர வேண்டும். திருநெல்வேலிக்காரர் எழுந்து எல்லோருடைய டம்ளரையும் வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர், யாரையும் விட்டுவிட்டுக் குடிக்க மாட்டார். திரும்பி வரும்போது ஒரு தட்டில் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு வந்தார். எங்களுக்கு எங்கள் டம்ளர். டம்ளர் இல்லாதவனுக்கு முழு விலை கொடுத்து, தன் கைக்காசில், தனியாக ஒரு பேப்பர் கப்.

"இந்தாங்க, ஒங்களுக்குத்தான் மொதல்ல" என்று அதை அவனிடம் நீட்டினார்.

எங்கள் வரிசையை நான் அப்போதுதான் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மஞ்சள் டம்ளர்கள், அவன் கையில் மட்டும் ஒரு பேப்பர் கப். திருநெல்வேலிக்காரருக்கு அந்த டீக்கடைக் கதை தெரியாது. நாவலூர்ப் பையனுக்குத் தெரியாது. அந்த வரிசையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவன் அந்தக் கப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பெரிய கோபம் எதுவும் இல்லை. 'பாத்தியா?' என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அவ்வளவுதான்.

"தேங்க்ஸ் அண்ணாத்த" என்று அவரிடம் சொல்லிவிட்டு அவன் தலையைச் சாய்த்தான். கப்பை உயரத் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக்கொண்டான்.

"ஐயையோ, தூக்கிக் குடிக்கிறாரு! அடுத்த செட் போச்சு!" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த செட்டை நம்ம டீம் சுலபமாக ஜெயித்தது. அந்த நம்பிக்கையும் அன்றோடு போயிற்று. அவன் அதற்கப்புறம் விசில் அடிக்கவில்லை.

அடுத்த மேட்ச்சுக்கு அவன் வரவில்லை. "சைட்ல வேலை மச்சான்" என்று செய்தி போட்டான். அதற்கடுத்ததற்கு சொந்தத்தில் சாவு என்றான். அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் 'விசில் எங்கே?' என்று எல்லோரும் கேட்டார்கள், பொம்மைப் படமெல்லாம் போட்டார்கள். விலை இன்னும் ஏறியது. டம்ளருக்குப் பாதி விலை என்பது முக்கால் விலையானது. அதைப் பற்றியும் பேசினோம். இந்தத் தடவை வாதத்தில் சூடு இல்லை. ஆளாளுக்குத் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு தனித்தனியாகக் கவுண்டருக்குப் போய் வந்தார்கள். செட் ஜெயித்தாலும் போனாலும் தாகம் எடுத்தவர் போனார். நான் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்காமலே ஒரு மேட்ச் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

அரையிறுதி எங்கள் அரங்கத்தில் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கவுண்டருக்குப் போய் அவன் பெயர் போட்டு ஒரு டம்ளர் வாங்கினேன். எவ்வளவு மடத்தனம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அதைப் பையில் வைத்துக்கொண்டு, அவனைக் கையோடு இழுத்து வந்துவிடலாம் என்று நம்பித்தான் அவன் வீட்டுக்குப் போனேன்.

அந்த வீடு எனக்குப் புதிதல்ல. கிறிஸ்துமஸுக்கு அங்கே பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். அவன் மனைவி, "அண்ணே, இன்னொரு கரண்டி" என்று கேட்காமலே வைப்பாள். தண்ணீர் வேண்டுமென்றால் நானே எழுந்து போய்க் குடத்தில் மொண்டு குடிப்பேன். அன்று நான் போனபோது அவன் வாசலில் பெயிண்ட் பிரஷ்களைத் தின்னரில் ஊறவைத்துக்கொண்டிருந்தான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தான்.

"வாங்க, உள்ள வாங்க. குந்துங்க."

'வா மச்சான்' என்று சொல்லவில்லை என்பது நான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் டம்ளரை எடுத்து அவனிடம் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் பெயரைப் படித்தான்.

"நல்லாகீது" என்றான். "எதுக்கு சார் இதெல்லாம்?"

"சாரா? என்னடா ஆச்சு உனக்கு?"

"சும்மா சொன்னேன்." அவன் சிரித்தான். டம்ளரை டிவி மேல் வைத்தான்.

"அரையிறுதிக்கு வாடா. நீ இல்லாம வரிசை வரிசையாவே இல்ல."

"பாக்கலாம். வேல இல்லாட்டி வரேன்."

"அன்னிக்கு நடந்தது..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா நடந்துச்சி? ஒண்ணும் நடக்கல. அண்ணாத்த நல்ல மனுஷன், அவுரு சொந்தக் காசுல வாங்கிக் குடுத்தாரு. யாரு மேலயும் தப்பில்ல. நான் அத்தொட்டு ஒண்ணும் வராம இல்ல." அவன் அவசரமாகச் சொன்னான். "இருங்க, தோ வந்துட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சமையல்கட்டில் குடம் என் கண்ணெதிரே இருந்தது. மேலே டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. எழுந்து போய் மொண்டு குடிக்கலாமா என்று நினைத்தேன். ஏனோ எழுந்திருக்க முடியவில்லை.

அவன் தெருமுனைக் கடையிலிருந்து திரும்பி வந்தான். கையில் குளிர்ந்த கூல் டிரிங்ஸ் பாட்டில். மூடி திறக்காமல், சீல் பிரிக்காமல் இருந்தது. பாட்டிலின் ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்து என் முன்னால் ஸ்டூலில் வைத்தான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் அப்பா ஊர் வேலையாகக் காலனிக்குப் போனால் அவருக்கு இப்படித்தான் சீல் பிரிக்காத கலர் சோடா பாட்டில் வரும். அவர்கள் வீட்டுத் தண்ணீரை இவர் குடிப்பாரோ, மாட்டாரோ என்கிற சங்கடம் இரண்டு பேருக்கும் வரக் கூடாது என்பதற்காகக் காலனிக்காரர்களே செய்துவைத்த மரியாதை அது. சின்ன வயதில் அவர் கூடப் போய், அந்தக் கலருக்காகவே நான் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கு வேணாம்டா. தண்ணி குடு, போதும்."

"தண்ணி நல்லால்ல சார். உப்பா வருது. இத்தக் குடிங்க."

நான் மூடியைத் திருகித் திறந்தேன். ஒரு வாய் குடித்தேன். வாய் வைத்துத்தான் குடித்தேன். அப்புறம் பாட்டிலை அவனிடம் நீட்டினேன்.

அவன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு சளி சார்" என்றான். "நீங்க குடிங்க."

கொஞ்ச நேரம் பாட்டிலை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து போய் வாசலில் பிரஷ்களைப் பார்க்க ஆரம்பித்தான். அந்தப் பாட்டில் முழுவதையும் நானே குடித்தேன்.